ஹெக்டர் லோரிமரின் மத்தியானத் தூக்கம்

கில்நெஸ் ஊரில் யாரைக் கேட்டாலும், கோல்ஃப் ஆட்டத்தில் தபால்காரர் ஹெக்டர் லோரிமரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் சொல்வார்கள். நீங்கள் அவர் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு, "அவரு தனியாத்தான் ஆடுவாரு" என்பார்கள்.

உண்மை என்னவென்றால், ஹெக்டர் தன் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடித்ததில்லை. சின்ன வயதில் அவருடைய அப்பா ஒரு மட்டையைக் கையில் கொடுத்து ஆடுகளத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு அடி அடித்தார்கள். மிச்சப் பொழுதெல்லாம் முள்புதருக்குள் பந்தைத் தேடினார்கள். தேடுவதுதான் ஆட்டம் என்றால் வீட்டிலேயே எதையாவது தொலைத்துவிட்டுத் தேடலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. கில்நெஸ்ஸில் பிறந்துவிட்டு கோல்ஃப் பிடிக்காது என்று சொல்வது, பெற்ற தாயைப் பிடிக்காது என்று சொல்வதற்குச் சமம். அங்கே பாதிரியார்கூட ஆட்டம் ஒன்று பாக்கியிருந்தால் சனிக்கிழமை கல்யாணத்தில் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்வார்.

ஹெக்டர் சுபாவத்திலேயே பேச்சைக் குறைத்துக்கொண்ட மனிதர். நெட்டையான உடம்பு, கொஞ்சம் கூன் விழுந்த தோள். கடிதத்தைக் கதவிடுக்கில் போட்டுவிட்டு, யாராவது பேச்சுக் கொடுப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு ஆசை என்று இருந்தது ஒன்றுதான். மத்தியானம் கொஞ்ச நேரம் நிம்மதியாகத் தூங்க வேண்டும். விடியற்காலை ரயிலில் வரும் தபால் மூட்டையை இறக்க அவர் நாலு மணிக்கே எழுந்துவிடுவார். அப்படி எழுகிறவனுக்கு மத்தியானத் தூக்கம் ஆடம்பரம் இல்லை.

ஆனால் ஜூன் மாதம் பிறந்தால் அவருக்கு வீடே கிடையாது. அந்தக் கரையோர ஊர்களில் எல்லோரும் செய்கிற மாதிரி, அவர் மனைவி வில்மாவும் கோடைக்கு வீட்டை மொத்தமாக விருந்தாளிகளுக்கு விட்டுவிடுவாள். முன்னறை, மாடியறை, அவர்கள் கல்யாணக் கட்டில், அவர் நாற்காலி, நாற்காலியின் மேலிருக்கும் துணி, எல்லாம் கிளாஸ்கோக்காரர்களுக்குப் போய்விடும். புருஷனும் பெண்டாட்டியும் கொல்லைப்புறத்துச் சலவை அறைக்குக் குடிபோவார்கள். அங்கே துணி வேகவைக்கிற செப்புக் கொப்பரை பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பகலில் அந்த அறையில் விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகள் வெந்துகொண்டிருக்கும். தூங்கப் போனால் மனிதனும் சேர்ந்து வெந்துவிடுவான்.

ஒருநாள் மத்தியானம் சமையலறை பெஞ்சில் சாய்ந்துபார்த்தார். விருந்தாளி வீட்டுப் பெண்குழந்தை ஒன்று அவர் வயிற்றின் மேல் உயிருள்ள நண்டு ஒன்றை விட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கடற்கரை மணல்மேட்டுப் பக்கம் போய்ப் படுக்கலாம் என்று வெறுங்கையோடு கிளம்பினார். தெருவைத் தாண்ட முடியவில்லை.

"எங்க ஹெக்டர், இந்த நேரத்துல?"

"என்னப்பா, எதையாவது தொலைச்சிட்டியா?"

"வில்மாகூட சண்டையா?"

எதிர்வீட்டு ஜெசி ஸ்பென்ஸ், அவளும் வீட்டை விருந்தாளிகளுக்கு விடுகிறவள்தான், வாசலுக்கே வந்து மறித்தாள். "உன் மூஞ்சி சரியில்லையே ஹெக்டர். உள்ள வா, சூப்பு சூடா இருக்கு." அந்தச் சூப்பைக் குடித்து, அவள் கணவன் வாங்கிய வெள்ளிக் கோப்பையைப் பார்த்துப் பாராட்டி முடிப்பதற்குள் மத்தியானம் போயே போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில்தான் சலவை அறையின் மூலையில் கிடந்த கோல்ஃப் பை அவர் கண்ணில் பட்டது. வில்மாவின் செத்துப்போன அப்பாவுடையது. அதில் நாலைந்து மட்டைகள் இருந்தன. தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெசிகூட, "காத்து இன்னிக்கு மேக்க இருந்து வருது, பாத்துக்கோ" என்றதோடு சரி. கோல்ஃப் பையோடு போகிற மனிதனை அந்த ஊரில் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. அது கேட்கக் கூடாத கேள்வி.

நடக்கும்போது மட்டைகள் ஒன்றோடொன்று மோதி, கரண்டிப் பெட்டியைத் தூக்கிப் போகிற மாதிரி சத்தம் போட்டன. அதனால் மறுநாள் வில்மாவின் தலையணை ஒன்றை எடுத்துப் பைக்குள் அடைத்தார். சத்தமும் நின்றது. படுக்கவும் வசதியாயிற்று.

ஆடுகளத்தின் தூரக் கோடியைத் தாண்டினால் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கமும் ஒரு காலத்தில் ஆடுகளமாகத்தான் இருந்தது. யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் வந்து அதைத் தோண்டிப் போட்டு, டாங்கி வந்தால் தடுக்க ஆளுயரச் சிமெண்ட் கட்டிகளை வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள். யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் அதையெல்லாம் யாரும் எடுக்கவில்லை. ஒரு கட்டிக்கும் மணல்மேட்டுக்கும் நடுவில் காற்று நுழையாத ஒரு பள்ளம் இருந்தது. வெயில் மட்டும் நேராக இறங்கும். ஹெக்டர் அங்கே தலையணையை வைத்துப் படுத்தால் கடல் சத்தம்கூடத் தூரமாகிவிடும்.

மாலையில் திரும்பி வரும்போது தலைமுடியெல்லாம் மணலாக இருக்கும். மணல்குழியிலிருந்து பந்தை அடித்து எடுத்துப் பழகுகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

"எப்படிப் போச்சு ஹெக்டர், இன்னிக்கு?"

"மோசமில்ல" என்பார் அவர். நன்றாகத் தூங்கியிருந்தால் அதுதான் உண்மை.

இந்த ஒரு வார்த்தைதான் அவரைப் பெரிய ஆளாக்கியது. கில்நெஸ்ஸில் ஒருவன் மோசமாக ஆடியிருந்தால் காற்றைப் பற்றி, புல்லைப் பற்றி, குறுக்கே வந்த நாயைப் பற்றி அரைமணி நேரம் பேசுவான். சுமாராக ஆடியிருந்தால் எத்தனை அடி என்று கணக்குச் சொல்வான். பிரமாதமாக ஆடியவன் மட்டும்தான் 'மோசமில்ல' என்று சொல்லிவிட்டு, உங்கள் அம்மாவின் மூட்டுவலியை விசாரிப்பான். ஹெக்டர் வருஷக்கணக்காக, கோடைதோறும், ஒருநாள் விடாமல் மோசமில்ல என்று சொல்லிவந்தார். ஊர் என்னதான் நினைக்கும்? யாராவது சேர்ந்து ஆடக் கூப்பிட்டால், "பாக்கலாம்" என்று நழுவுவார். கூட்டாளிகளைத் தோற்கடிக்க மனசு வராத நல்ல மனுஷன் என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது.

வில்மாவும் அப்படித்தான் நம்பினாள். அவள் வாய்விட்டுப் பெருமை பேசுகிறவள் இல்லை. ஆனால் ஜெசி தன் கணவனின் கோப்பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், வில்மா ஒன்றும் சொல்லாமல் தேநீரை ஊற்றிக்கொண்டே இருப்பாள். 'கோப்பைக்காக ஆடறவங்க இருக்காங்க, ஆட்டத்துக்காக ஆடறவங்க இருக்காங்க' என்று அந்த ஊற்றலிலேயே தெரியும்.

அந்த வருஷம் ஜூலையில் கிளாஸ்கோவின் கப்பல் பட்டறைகளெல்லாம் விடுமுறைக்கு மூடியதும், வழக்கம்போல பர்டி குடும்பம் வந்து இறங்கியது. பர்டி கப்பல் பட்டறையில் மேஸ்திரி. குட்டையான, கட்டையான மனிதர். ஆணி அடிக்கிற சத்தத்தில் இருபது வருஷம் வேலை செய்ததால் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். கூட அவர் மனைவி, நாலு பெண்கள், மாமியார். எல்லோரும் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, காற்றுக்கு மறைப்புத் துணியைக் கட்டி, கடற்கரையில் உட்கார்ந்து விடுமுறையை அனுபவித்தார்கள். பெண்கள் நீலம் பாரித்த உதட்டோடு கடலிலிருந்து ஓடி வந்தால், நடுக்கம் நிற்க ஆளுக்கொரு பிஸ்கட் வாயில் திணிக்கப்படும்.

விடுமுறையின் நடுவில் வருகிற சனிக்கிழமை, ஊருக்கும் விருந்தாளிகளுக்கும் கோல்ஃப் போட்டி. ஜோடி ஜோடியாக ஆடி, எந்தப் பக்கம் அதிக ஜோடிகளில் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு வெற்றி. அதற்கு முந்தின நாள் மாலை, ஊர் அணித் தலைவர், கசாப்புக்கடை டூகல் மெய்ன், ரத்தக்கறை படிந்த மேல்துணியைக்கூடக் கழற்றாமல் சலவை அறை வாசலில் வந்து நின்றார்.

"ஹெக்டர், குடி முழுகிப் போச்சு. நம்ம வாத்தியார் விருந்தாளியோட டிரங்குப் பெட்டியத் தூக்கினாராம். இடுப்புப் பிடிச்சிக்கிச்சி. நிக்க முடியல. நாளைக்கு அவர் எடத்துல நீதான்."

ஹெக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. தூக்கம் போய்விடும். ஆனாலும் ஊர் பார்க்க மட்டையைத் தூக்குவதைவிட இது மேல்.

"டூகல், எனக்கு ஆடத் தெரியாது" என்றார்.

டூகல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டியா வில்மா? ஆடத் தெரியாதாம்!"

"நெசமாத்தான் சொல்றேன். ஒரு தடவகூட ஆடினதில்ல."

"இதுக்குத்தாண்டா ஒன்ன எனக்குப் பிடிக்கும்" என்று டூகல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் மச்சான் ஒருத்தன் இருக்கான். ஒரே ஒரு தடவ நல்லா அடிச்சிட்டு இன்னிக்கு வரைக்கும் அதையே பேசறான்."

வில்மா விரிப்பைப் பிழிந்துகொண்டே, "அவரு எப்பவும் அப்படித்தான் டூகல். நீங்க பேர எழுதிக்கோங்க" என்றாள். அவள் காது நுனியெல்லாம் சிவந்திருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை ஹெக்டர் அவள் முகத்தில் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அவர் நம்பியிருந்தது கடல்மூட்டத்தை. அந்தக் கரையில் கோடையில் திடீரென்று கடலிலிருந்து வெள்ளை மூட்டம் ஏறி வந்து, நீட்டிய கை தெரியாமல் ஊரை மூடிவிடும். வேண்டாதபோதெல்லாம் வருகிற மூட்டம் அன்றைக்கு வரவில்லை. வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. பத்து வருஷத்தில் இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவரிடமும் வந்து சொன்னார்கள்.

முதல் அடி அடிக்கிற இடத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. மற்ற ஜோடிகள் முன்னாலேயே கிளம்பிவிட, கடைசியாகக் கிளம்புகிற அவருடைய ஜோடிக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவருக்கு எதிராளி பர்டி. வில்மா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜெசிக்குப் பக்கத்தில் நின்றாள்.

பர்டி எச்சிலைக் கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு, படாரென்று அடித்தார். பந்து நேராகப் போய் வழியின் நடுவில் விழுந்தது. கைதட்டினார்கள்.

ஹெக்டர் பையிலிருந்து பெரிய மட்டையாகப் பார்த்து எடுத்தார். பந்தைச் சின்ன ஆணியின் மேல் வைத்தார். அதுவே இரண்டு தடவை உருண்டு விழுந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வீசினார். மட்டை காற்றில் உய்யென்று போய்த் திரும்பியது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"கையப் பழக்கிக்கறாரு" என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

மறுபடி வீசினார். பந்துக்கு ஒரு ஜாண் முன்னால் மண் பெயர்ந்து, புல்லோடு பறந்து பர்டியின் மாமியார் மடியில் போய் விழுந்தது.

"மண்ணு எப்படி இருக்குன்னு பாக்கறாரு" என்றார் டூகல். "நாலு நாளா மழையில்லையே."

மூன்றாவது தடவை பந்தின் தலையில் மட்டை தட்டியது. அது நடைபழகுகிற குழந்தை மாதிரி தத்தித் தத்தி இருபது அடி போய், பிறகு நின்றுவிட்டது.

எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். பிறகு டூகல் மெதுவாகத் தலையாட்டினார். "காத்துல தூக்கி அடிக்காம தாழ்வா அடிக்கறான் பாருங்க. அதான் புத்திசாலித்தனம்." கொடியை அசைக்க ஒரு துளிக் காற்றுகூட இல்லை. ஆனாலும் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பர்டிக்குப் பொறுக்கவில்லை. "என்னய்யா இது! இந்தாளுக்கு ஆடவே தெரியாது!" என்று கப்பல் பட்டறைக் குரலில் கத்தினார்.

கூட்டம் அப்படியே அவர் பக்கம் திரும்பியது. முதலில் வாயைத் திறந்தவள், யாரும் எதிர்பார்க்காதபடி, ஜெசி ஸ்பென்ஸ். "மிஸ்டர் பர்டி, நீங்க போன வாரந்தான் ரயில விட்டு எறங்கினீங்க. நாங்க ஹெக்டர இத்தன வருஷமாப் பாக்கறோம். எங்க ஊர்க்காரருக்கு என்ன தெரியும், தெரியாதுன்னு நீங்க சொல்லவேண்டாம்."

"பாத்துட்டுத்தானே இருக்கேன் அம்மா, கண்ணு முன்னால!"

"அதுக்கெல்லாம் பாக்கத் தெரியணும்" என்றார் டூகல்.

ஹெக்டர் வில்மாவைப் பார்த்தார். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தாடையை உயர்த்தி நின்றாள். அவர் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பந்தை நோக்கிக் கசாப்புக்குப் போகிற ஆடு மாதிரி நடந்தார்.

நல்லவேளையாக, கூட்டம் முன்னால் போன விறுவிறுப்பான ஜோடிகளின் பின்னால் போய்விட்டது. ஹெக்டரின் ஆட்டத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று டூகல் சொல்லிவிட்டாராம். இரண்டாவது குழி வரைக்கும் பர்டி அவர் அடிகளை உரக்க எண்ணிக்கொண்டு வந்தார். மூன்றாவதில் எண்ணிக்கை குழம்பியது. நாலாவதில் விட்டுவிட்டார். ஓடைப் பக்கத்துக் குழிக்கு வந்தபோது, ஹெக்டர் அடித்த ஒரே நல்ல அடி, திசை மாறி ஓடையைத் தாண்டிப் போய் சிமெண்ட் கட்டி ஒன்றில் டங்கென்று மோதியது.

இருவரும் பாலத்தைக் கடந்து பந்தைத் தேடினார்கள். பர்டி முள்புதரைக் காலால் விலக்கிக்கொண்டே கேட்டார். "மிஸ்டர் லோரிமர், நான் ஒன்னு கேக்கறேன், மனசுல வெச்சிக்காதீங்க. இந்த மட்டைய எத்தன தடவ கையில பிடிச்சிருக்கீங்க?"

"இன்னிக்கோட ரெண்டு தடவ."

"பின்ன தெனமும் பையத் தூக்கிட்டு எங்க போறீங்க?"

ஹெக்டர் பையின் வாயைத் திறந்து காட்டினார். நீலக்கோடு போட்ட தலையணை எட்டிப் பார்த்தது.

பர்டி அதையே பார்த்தார். சிரிப்பார் என்று ஹெக்டர் காத்திருந்தார். பர்டி சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

"தூங்கவா?" என்றார், முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி.

"தூங்கத்தான்."

"உங்களுக்குத் தெரியுமா மிஸ்டர் லோரிமர், வருஷம் பூரா பட்டறைச் சங்கு காலங்காத்தால அஞ்சே முக்காலுக்கு ஊதும். லீவுல தூங்கலாம்னு வந்தா, உங்க வீட்டு ரெண்டு ரூம்ல நாலு பொண்ணு, ஒரு மாமியா. அந்தம்மா தூக்கத்துல பாட்டுப் பாடும். சாமி பாட்டு, எல்லா அடியும் விடாம." அவர் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த எடம் எங்க இருக்கு?"

ஹெக்டருக்கு மனசே வரவில்லை. பத்து வருஷமாக ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றிய பள்ளம் அது. காட்டினால் பாதி போன மாதிரிதான். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. கட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். "ஒரு கால்மணி நேரம்" என்றார் பர்டி. "அப்புறம் மிச்ச ஆட்டத்த முடிச்சிடலாம்."

தலையணையை நீளவாட்டில் போட்டு ஆளுக்கொரு முனையில் தலை வைத்தார்கள்.

மற்ற ஜோடிகளெல்லாம் ஆடி முடித்துத் திரும்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் சரிசமம். மிச்சம் இருந்தது ஹெக்டரின் ஜோடிதான். கடைசிக் கொடியைச் சுற்றி ஊரும் விருந்தாளிகளும் நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். தேநீர் ஆறியது. ரொட்டியெல்லாம் காற்றில் காய்ந்தது. திருமதி பர்டி, "என் வீட்டுக்காரரு கோவக்காரரு. ஏதாவது பண்ணிட்டாரோ என்னவோ" என்று கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தாள். சமையலறையில் எடுத்துவைத்த மீன் வில்மாவின் நினைவுக்கு வந்தது. ஏழு பேருக்குச் சாப்பாடு ஆகவேண்டும். அவள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடுகளத்தின் குறுக்காகவே நடந்தாள். டூகலும் இன்னும் சிலரும் பின்னாலேயே கிளம்பினார்கள். ஆனால் வில்மாவின் நடைக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பாலத்தைத் தாண்டியதும் அவளுக்குக் குறட்டைச் சத்தம் கேட்டது. ஒன்று தெரியாத குரல். இன்னொன்று நன்றாகத் தெரிந்த குரல்.

சிமெண்ட் கட்டியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். புருஷனும் விருந்தாளியும் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு அடியில் நீலக்கோட்டுத் தலையணை. ஹெக்டரின் தலை கிடந்த இடத்தில், பல வருஷமாகத் தலை வைத்து வைத்து, துணி பழுப்பாகியிருந்தது. பக்கத்து மணலில் அவர் உடம்பின் நீளத்துக்கு, தோள், இடுப்பு, குதிகால் என்று வார்த்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம். ஒருநாளில் விழுகிற பள்ளம் இல்லை அது.

வில்மா நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பின்னால் டூகலின் குரல் பாலத்தின் மேல் கேட்டது. அவள் குனிந்து, தலையணையை ஒரே இழுப்பாக உருவி, கம்பளிச் சட்டைக்குள் திணித்துப் பொத்தான்களைப் போட்டாள். இரண்டு தலைகளும் மணலில் தொம்மென்று விழுந்தன.

ஹெக்டர் கண்ணைத் திறந்தார். வில்மாவின் முகமும், திடீரென்று பெருத்திருந்த அவள் வயிறும் தெரிந்தன. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?" என்று டூகல் மூச்சிரைக்க ஓடிவந்தார். மணலில் கிடந்த இருவரையும் பார்த்தார். மட்டைகளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அடப்பாவி ஹெக்டர்! ஆட்டத்துல அவ்வளவு முன்னால போயிட்டியா? விருந்தாளி கொஞ்சம் எளைப்பாறட்டும்னு நீயும் கூடப் படுத்துக்கிட்டியா?"

ஹெக்டர் வாயைத் திறந்தார். பர்டி முந்திக்கொண்டார். தூங்கிப் போனேன் என்று கிளாஸ்கோவில் போய்ச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

"நாப்பது வருஷமா ஆட்டம் பாக்கறேன்" என்றார், உணர்ச்சியோடு. "சத்தியமாச் சொல்றேன், இவரு ஆடற மாதிரி ஒருத்தர் ஆடி நான் பாத்ததே இல்ல."

டூகல் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னார். இந்த ஆட்டத்தில் இருவருக்கும் வெற்றி தோல்வி இல்லை, ஆகவே போட்டியும் சமம். விருந்தாளியை அவமானப்படுத்தாமல் ஜெயித்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர் என்று அன்று மாலைக்குள் ஹெக்டரின் பெயர் பக்கத்து ஊர் வரைக்கும் போய்விட்டது.

வில்மா வீட்டுக்கு வந்து விருந்தாளிகளுக்கு மீன் பரிமாறினாள். பாத்திரம் கழுவினாள். சலவை அறைக் கதவைச் சாத்தியதும் தலையணையை எடுத்துப் படுக்கையில் போட்டாள்.

"எத்தன வருஷம்?"

"ஆரம்பத்துல இருந்தே" என்றார் ஹெக்டர்.

"ஊரு சிரிக்கும்னு பயந்தியா?"

"நீ வருத்தப்படுவேன்னு."

"கோல்ஃபுக்காகவா?" வில்மா சலவைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "அந்த ஆட்டத்த எங்கப்பா ஆடி ஆடி எங்கம்மா நெஞ்சு காஞ்சது போதாதா எனக்கு? நீ ஆடினா என்ன, ஆடாட்டி என்ன? நாலு மணிக்கு நீ எழுந்தா உனக்கு டீ போடறது யாரு ஹெக்டர்?"

"நீதான்."

"அப்புறம் நான் திரும்பப் படுக்கறேனா?"

அவர் யோசித்துப் பார்த்தார். இதுவரை அதை அவர் யோசித்ததே இல்லை.

"ஏழு பேருக்குக் காலைச் சாப்பாடு. ஏழு படுக்கை. நண்டு, மணலு, ஈரத் துணி. பாவம் மனுஷன், அவருக்குன்னு ஒரு ஆட்டம் இருக்கு, போய்ட்டு வரட்டும்னு இத்தன வருஷம் வாயத் தொறக்காம இருந்தேன். நீ ஆடிட்டு எளைச்சிப்போய் வர்றேன்னு உனக்குப் பெரிய மீனா வேற எடுத்து வெச்சேன்." அவள் குரல் உடைந்தது. அழுகிறாளோ என்று அவர் பயந்தார். அவள் கொட்டாவி விட்டாள். நீளமான, தாடை நோகிற கொட்டாவி. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஆட்டம் கெடையாது. திங்கக்கெழம நான் போறேன்."

"எங்க?"

"எங்கன்னா? அங்கதான்."

"அப்ப சாயந்தரச் சாப்பாடு?"

வில்மா விளக்கை அணைத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் அப்பாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஜெசி வாசலில் நின்று வாயைப் பிளந்தாள். பிறகு, "ஹெக்டர் சொல்லிக் குடுத்தா கேக்கவா வேணும். காத்து தெக்க இருந்து வருது வில்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஹெக்டர் சமையலறையில் தனியாக நின்றார். ஓட்ஸ் மாவில் மீனைப் புரட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மீனின் குடலை முதலில் எடுக்க வேண்டும் என்பது பாதிப் புரட்டலில்தான் நினைவுக்கு வந்தது. உருளைக்கிழங்கு அடிபிடித்தது. கதவிடுக்கில் நாலு பெண்களும் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசிப் பெண், "மிஸ்டர் லோரிமர், பொகை வரணுமா?" என்று கேட்டது. பர்டி மட்டும் வெகு சீக்கிரம் எங்கேயோ நடக்கக் கிளம்பினார். ஹெக்டர் அவரைக் கொல்லை வாசலில் மறித்து, கையில் கத்தியையும் ஒரு கூடைக் கிழங்கையும் கொடுத்து உட்காரவைத்தார். "இன்னிக்கு அந்த எடத்துல ஆள் இருக்கு" என்றார்.

ஆறு மணிக்கு எல்லோரும் மேசையில் உட்கார்ந்தபோது வில்மா வந்தாள். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, ஒரு கன்னத்தில் மட்டும் தலையணைத் துணியின் மடிப்பு பதிந்திருந்தது. பையைச் சுவரில் சாய்த்தாள். வழக்கமாக நிற்கிற அடுப்புப் பக்கம் அவள் போகவில்லை. மேசையைச் சுற்றிவந்து, திருமதி பர்டிக்கும் மாமியாருக்கும் நடுவில் நின்றாள். மாமியார் நகர்ந்து இடம் கொடுத்தாள். வில்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் தட்டை நீட்டினாள்.

ஹெக்டர் சட்டியில் துழாவி, கருகாத மீனாகப் பார்த்து எடுத்து அவளுக்கு வைத்தார்.